பசியேப்பம்

ஆக்சிலேட்டரை விட்டவுடன் சைலன்சருக்குள் “பட்… பட் பட்” என்று வெடிக்கிற மோட்டார் சைக்கிள் ஒன்று உங்கள் ஒழுங்கையிலும் இருக்கும். ஏத்தம் ஏறும்போது அது வெடிக்காது. வாசலில் சும்மா நின்று ஓடும்போதும் வெடிக்காது. கியரில் இருந்தபடியே கையை விட்டு, வேகம் குறைகிற அந்த மூன்று நாலு செக்கன்தான் கச்சேரி. “பெற்றோல் கூடிப்போச்சு, அதுதான் எரியாம வந்து சைலன்சருக்க வெடிக்குது” என்பதுதான் இதற்கு ஊரில் உள்ள விளக்கம். பெற்றோல் செட்டில், சலூனில், கராச்சில் எங்கே கேட்டாலும் இதையே சொல்வார்கள். பாதி உண்மை. எரியாத பெற்றோல்தான் அங்கே வெடிக்கிறது. ஆனால் அது எரியாமல் வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் பெற்றோல் கூடினது அல்ல, குறைந்தது.

இதை விளங்கப்படுத்த எங்களிடம் ஏற்கனவே நல்ல சொல் இருக்கிறது. அளவுக்கு மேல் தின்றவனுக்கு வருவது புளியேப்பம். வெறும் வயிற்றில் வருவது பசியேப்பம். பக்கத்தில் இருப்பவனுக்கு இரண்டும் ஒரே சத்தம்தான், வைத்தியம் மட்டும் நேரெதிர். என்னுடைய பைக்குக்கு வந்தது பசியேப்பம். இரண்டு கராச்சில் அதைப் புளியேப்பம் என்று சொன்னார்கள்.

பைக்கின் கதையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் நோயின் வேர் அதில்தான் கிடந்தது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, பழைய மோட்டார் சைக்கிளுக்கெல்லாம் மாப்பிள்ளை விலை வந்துவிட்டது. திருகோணமலையில் சொன்ன விலைகளைக் கேட்டு மனம் விட்டுப்போயிருந்த நேரத்தில், கூடப் படித்த ஒருவனின் மாமா நுவரெலியாவில் தன்னுடையதை விற்கப்போகிறார் என்று தெரியவந்தது. 150 சிசி, இந்தியத் தயாரிப்பு, காபரேற்றர் வைத்தது. 2023இல் போய் எடுத்துக்கொண்டு ஓடியே வந்தேன். றம்பொடை இறக்கம் முழுக்கக் கையை விட்டபடிதான் வந்தேன், ஒரு சத்தமில்லை. கம்பளை தாண்டின பிறகு ஒன்றிரண்டு கேட்டது. மாத்தளை, தம்புள்ளை என்று கீழே வர வர நன்றாகவே வெடிக்கத் தொடங்கியது. கந்தளாய் வரும்போது முன்னால் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துத் திட்டினார். தூரம் ஓடி எஞ்சின் சூடாகிவிட்டது என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலையில், இரவு முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சினும் பத்தாவது நிமிடத்தில் அதையே செய்தது.

இனி, இது ஏன் வெறும் சத்தப் பிரச்சினை இல்லை என்பதற்கு வருகிறேன். எங்களுடைய தமிழில் துவக்குச் சூடு, சீனவெடி, சைலன்சர் மூன்றுக்கும் “வெடி” என்ற ஒரே சொல்தான். “எங்கயோ வெடி கேட்டுது” என்று ஒருவர் சொன்னால், சொன்னவரின் வயதை வைத்துத்தான் எது என்று நாங்கள் முடிவு செய்வோம். 2006 சனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நகரம் இது. அந்த வயதில் பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் இன்றைக்கும் இந்த ஒழுங்கைகளில்தான் இருக்கிறார்கள்.

நான் பின்னேரங்களில் ரவுனில் ரியூசன் எடுத்துவிட்டு, கண்டி வீதியால் சீனன்குடாவுக்குத் திரும்பும்போது ஒன்பதரை, பத்து மணியாகும். வழியில் ஒரு காவலரண். அதற்கு முன்னால் வேகம் குறைக்காமல் போகேலாது. வேகம் குறைத்தால் பைக் வெடிக்கும். ஒரு நாள் அங்கே நின்ற பெடியனின் கை சட்டென்று துவக்கின் தோள்பட்டிக்குப் போனது. பைக்தான் என்று விளங்கியதும் அவனே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு கிளச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டரும் கொடுத்தபடி, களவு எடுத்தவன் மாதிரி அந்த இடத்தைக் கடந்தேன். ஒழுங்கைக்குள் திரும்பும் இடத்தில் வேறு விசயம். மூலை வீட்டு அம்மம்மா அந்த நேரம் விறாந்தையில் இருப்பார். நான் திரும்பி வெடித்த உடனே அவருடைய வீட்டு லைற் அணையும். முதல் நாள் தற்செயல் என்று நினைத்தேன். ஒரு கிழமை பார்த்தேன். ஒவ்வொரு நாளும் வெடி, பிறகு லைற். அவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் சைலன்சரை வைத்துக்கொண்டு என்ன சொல்வது?

முதல் கராச்சில் சைலன்சரை மாற்றச் சொன்னார்கள். உள்ளே கம்பி உக்கிவிட்டதாம். தட்டிப் பார்த்தால் ஒன்றும் ஆடவில்லை. இரண்டாவது கராச்சில் ஒரு தம்பி கேட்டவுடனேயே, “அண்ணே, ஓவர் பெற்றோல். எயார் ஸ்குரூவ இறுக்கினா சரி” என்று ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டான். எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பிறகு வாறன் என்று வந்துவிட்டேன். வகுப்பு நேரத்துக்கு நான் அவ்வளவு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

சைலன்சருக்குள் உண்மையில் நடப்பது இதுதான். ஒரு பங்கு பெற்றோல் முழுதாக எரிய நிறைப்படி 14.7 பங்கு காற்று வேண்டும். காபரேற்றர் அந்தக் கணக்கைப் பார்க்கிற ஆள். அதற்குள் பெற்றோல் வர இரண்டு மூன்று வழி. ஓடும்போது ஊசியும் பெரிய ஜெற்றும் வேலை செய்யும். கையை விட்டுவிட்டால் அந்த வழிகள் கிட்டத்தட்ட மூடி, மயிரிழை ஓட்டை உள்ள சின்ன ஜெற் ஒன்றால் வருகிற பெற்றோல் மட்டும்தான். சும்மா நிற்கும்போது அது போதும். ஆனால் 60இல் போய்க்கொண்டிருக்கும்போது கையை விட்டால், சில்லு எஞ்சினை இழுத்துச் சுற்றுகிறது. பிஸ்ரன் வேகமாக ஓடுகிறது, உள்ளே வரும் கலவையோ கொஞ்சம். முன்னைய சுற்றில் எரிந்த புகையும் சிலிண்டருக்குள் மிச்சம் நிற்கும். அந்த நேரம் கலவையில் பெற்றோல் போதாமல் இருந்தால் பிளக் பொறி விட்டும் தீ பிடிக்காது. பிடிக்காத கலவை அப்படியே வெளியே போகும். இப்படி இரண்டு மூன்று தரம் போய்ச் சேர்ந்தது, சூடான சைலன்சர் குழாய்க்குள் கொஞ்சம் புதுக் காற்றையும் சந்தித்துவிட்டால், அடுத்ததாக வரும் நெருப்பில் சேர்த்து வெடிக்கும். வெடிக்கிற இடத்தில் பெற்றோல் இருக்கிறது என்பதால் எஞ்சினுக்குப் பெற்றோல் கூடிவிட்டது என்று நினைப்பது, வாந்தி எடுத்தவனைப் பார்த்து ‘நல்லாச் சாப்பிட்டிருக்கிறான்’ என்று சொல்வது மாதிரி.

எனக்கு இதை விளங்கப்படுத்தியவர் கண்டி வீதியில் தகரக் கொட்டில் போட்டிருக்கும் ஒரு வயதான மெக்கானிக். பெயர்ப்பலகை இல்லை. எல்லாருக்கும் அவர் “பாஸ்”. போனவுடன் அவர் ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை. கதிரையைக் காட்டினார். “எங்க வச்சுத் தொடங்கினது?” என்று கேட்டார். சத்தம் எஞ்சினில் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்கிறார் என்று நினைத்து, சைலன்சருக்குள்ள என்றேன். “அது தெரியும் தம்பி. ஊர். எந்த ஊரில?”

நுவரெலியாவிலிருந்து வந்த கதையைச் சொன்னேன். தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. “சோக்கைப் பாதி இழுத்துக்கொண்டு நேவி ரோட்டுப் பக்கம் ஒருக்கா ஓடிப்போட்டு வாங்க” என்றார். சோக் இழுத்தால் பெற்றோல் கூடும். புளியேப்பம் என்றால் வெடி கூடவேண்டும், பசியேப்பம் என்றால் குறையவேண்டும். ஓடினேன். கையை விட்டேன். சத்தமே இல்லை. காசு செலவில்லாத, ஒரு நிமிடப் பரிசோதனை. இதை வாசிக்கிற உங்களுக்கும் இந்த வியாதி இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். முடிந்தவுடன் சோக்கைத் திருப்பி விட மறக்கவேண்டாம்.

பெற்றோல் போதாது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் ஏன் போதாது என்பதற்குப் பல காரணம் இருக்கலாம். பெற்றோல் குறைந்திருக்கலாம், அல்லது களவாகக் காற்றுக் கூடியிருக்கலாம். பாஸ் காற்றைத்தான் முதலில் தேடினார். சைலன்சர் எஞ்சினோடு சேரும் வாயில் கரிப்புகை அடித்த தடம் இருக்கிறதா என்று பார்த்தார். அங்கே ஒழுகினால் வெளிக்காற்று உள்ளே போய் வெடிக்கு உதவி செய்யும். இல்லை. பிறகு, புகையைச் சுத்தமாக்குவதற்காகப் புதுக் காற்றைச் சைலன்சர் வாய்க்குள் விடுகிற சின்ன வால்வின் குழாயைக் கிளிப்பால் நசுக்கி ஓடச் சொன்னார். வெடி பாதியாகக் குறைந்தது. எனக்குச் சந்தோசம். அப்பிடியே அடைச்சு விடுங்களன் என்றேன். “வாயைப் பொத்தினா பசி போகுமா?” என்று கிளிப்பைக் கழற்றிவிட்டார். பல கராச்சில் இந்தக் குழாயை அடைத்து ‘ரிப்பேர்’ என்று அனுப்புகிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. சத்தம் குறையும். எஞ்சின் பட்டினியாகவே ஓடும், சூடு கூடும், நீங்களும் அறியமாட்டீர்கள்.

காபரேற்றரையும் எஞ்சினையும் சேர்க்கிற ரப்பர்தான் அடுத்தது. எஞ்சினை ஓட விட்டு, காபரேற்றர் கழுவுகிற ஸ்பிரேயைச் சின்னக் குழாய் வைத்து அந்த ரப்பரைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். மேலே அடிக்க ஒன்றுமில்லை. கீழ்ப்பக்கம் அடிக்க எஞ்சின் சட்டென்று வேகம் எடுத்து இறங்கியது. கழற்றி மடித்துப் பார்த்தால், கண்ணுக்கே தெரியாத வெடிப்பு. புது ரப்பர் கொழும்பிலிருந்து வர நாலு நாள். போட்ட பிறகு வெடி குறைந்தது, ஆனால் போகவில்லை. காவலரணில் ஐந்து வெடித்த இடத்தில் இரண்டு. இரண்டு என்பது ஐந்தை விட மோசம் என்று எனக்குப் பட்டது. ஐந்து தொடர்ந்து வந்தால் பைக் என்று யாருக்கும் விளங்கும்.

திரும்பவும் கொட்டிலுக்குப் போனேன். இந்த முறை பாஸ் காபரேற்றரைக் கழற்றினார். சின்ன ஜெற்றை வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் காட்டினார். தூரத்தில் தெரியும் நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி. இதில் துணுக்கு ஒன்று போய்ச் சிக்கினால் போதும் என்றார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அந்தப் புள்ளியைப் பார்த்த பிறகு நான் இதைப்பற்றித் தேடித் தேடி வாசித்ததில் ஒரு கதை எங்களூருக்கே வந்து முடிந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனன்குடா ஓடுபாதையிலிருந்து எதிர்த்து எழும்பியவை பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் அணியின் ஹரிக்கேன்கள். அவற்றின் மெர்லின் எஞ்சினும் காபரேற்றர் வைத்ததுதான். போரின் தொடக்கத்தில் அந்த எஞ்சினுக்கு ஒரு வியாதி இருந்தது. விமானி சட்டென்று மூக்கைக் கீழே தள்ளினால் எஞ்சின் இருமி, நின்றும்விடும். முதலில் ஒரு கணம் பெற்றோல் போதாமல், அடுத்த கணம் பெற்றோல் வெள்ளமாகி. ஓட்டுகிறவனுக்கு இரண்டும் ஒரே இருமல்தான். இரண்டையும் பிரித்துப் பார்த்து, வெள்ளத்தைத் தடுக்க அளவான ஓட்டை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டை 1941இல் செய்து கொடுத்தவர் பீற்றிஸ் சில்லிங் என்ற பொறியியலாளர். பொழுதுபோக்குக்கு என்ன செய்தவர் தெரியுமா? மோட்டார் சைக்கிள் பந்தயம். 1930களில் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் நோர்ட்டன் ஒன்றில் மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றியதற்காகத் தங்க நட்சத்திரம் வாங்கியவர். பாஸுக்கு இதைச் சொன்னேன். “பொம்பிளையோ?” என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, “காது நல்ல காது போல” என்றார்.

மிச்சம் இருந்தது ஸ்குரூ. இதில் எங்களுடைய கராச்சுகளில் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் நாங்கள் ‘எயார் ஸ்குரூ’ என்கிறோம். காபரேற்றரில் அது காற்று வடிகட்டிப் பக்கம் இருந்தால் உண்மையாகவே காற்றைத்தான் கட்டுப்படுத்தும், இறுக்கினால் பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது போகிற கலவையைக் கட்டுப்படுத்தும், இறுக்கினால் பெற்றோல் குறையும். ஒரே பெயர், நேர் எதிரான இரண்டு வேலை. என்னுடையது எஞ்சின் பக்கம். இரண்டாவது கராச்சுத் தம்பி சொன்னபடி இறுக்கியிருந்தால் கொஞ்சநஞ்சச் சோறும் போயிருக்கும்.

கொம்பனி அந்த ஸ்குரூவுக்கு மேல் ஒரு மூடி வைத்து அடைத்துத்தான் அனுப்பும். என்னுடையதில் மூடி இல்லை. துளைத்து எடுத்த அடையாளம் இருந்தது. பாஸ் மெதுவாக இறுக்கிக்கொண்டே எண்ணினார். முக்கால் சுற்றில் முட்டிவிட்டது. “ஆரோ வேணுமெண்டே செய்திருக்கினம்” என்றார். “கேட்டுப் பாருங்க.”

நுவரெலியா மாமாவுக்கு அங்கேயிருந்தே கோல் எடுத்தேன். அவர் மறைக்கவில்லை. “ஓம் மகன், நான்தான் போட்டேன். கியூஆர் காலத்தில.” 2022 யூலையில் எரிபொருள் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். மரக்கறி ஏற்றி இறக்கிப் பிழைக்கிற மனிசனுக்கு 4 லீற்றர் எந்த மூலைக்கு? யாரோ ஸ்குரூவை இறுக்கினால் மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். செய்திருக்கிறார். வெடிக்கவில்லையா என்று கேட்டேன். “இல்லையே, இங்க ஒரு நாளும் வெடிச்சதில்ல.”

பாஸ் ஊரைக் கேட்டதன் காரணம் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி எங்களுடையதை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேற்றருக்கு உயரம் தெரியாது, அது தன் பாட்டில் பெற்றோலை விட்டுக்கொண்டிருக்கும். காற்று மெலிந்ததால் அங்கே கலவையில் பெற்றோல் தானாகவே கூடிவிடும். ஆகவே மாமா இறுக்கியது அந்த மலைக்குச் சமாளித்தது. கம்பளை, மாத்தளை என்று இறங்க இறங்கக் காற்றுத் தடித்தது, பெற்றோல் அதே முக்கால் சுற்றிலேயே நின்றது. வெடிப்பு விழுந்த ரப்பரும் தன் பங்குக்குக் காற்றை இழுத்தது. கடல்மட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது எஞ்சினுக்குப் பசி முற்றிவிட்டது.

இதில் எனக்கு ஆறாத விசயம் ஒன்று இருக்கிறது. அந்தச் சின்ன வழி வேலை செய்வது சும்மா நிற்கும்போதும் மெல்ல உருளும்போதும்தான். வீதியில் ஓடும்போது குடிக்கிற பெற்றோலை ஊசியும் பெரிய ஜெற்றும்தான் தீர்மானிக்கின்றன. ஆகவே மாமா மிச்சம் பிடித்தது, இருந்தால், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. அந்தக் காலத்தில் அந்த அளவுக்கும் பெறுமதி இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அரச கூட்டுத்தாபனத்திடம் பெற்றோல் முடிந்த அந்த யூலை நாட்களில் லங்கா ஐஓசி சீனன்குடாவிலிருந்துதான் பவுசர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள் உள்ள இடம். அந்தத் தாங்கிகளுக்கு மூன்று நாலு கிலோமீற்றர் தள்ளி இருந்த நாங்களும் செட்டில் இரவிரவாக வரிசையில்தான் கிடந்தோம். அந்த வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு ஸ்குரூவை இறுக்கினார்களோ. 2023 செப்ரெம்பரில் கியூஆர் முறை நின்றது. இறுக்கிய ஸ்குரூக்களைத் திருப்பித் தளர்த்தச் சொல்லி ஒருவரும் அறிவிக்கவில்லை.

தளர்த்துவது ஐந்து நிமிட வேலை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சும்மா ஓட விட்டு, கால் சுற்று, கால் சுற்றாகத் திறக்கவேண்டும். திறக்கத் திறக்க எஞ்சின் வேகம் ஏறும். ஒரு இடத்தில் ஏறாமல் நிற்கும், அதற்கு மேலே போனால் தடுமாறும். ஏறி நின்ற இடம்தான் இடம். பிறகு கூடிய வேகத்தை மற்ற ஸ்குரூவால் குறைத்துவிடவேண்டும். பாஸ் மீற்றர் ஒன்றும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு சுற்றில் நிறுத்தினார். உவர்மலை இறக்கத்தில் மூன்றாம் கியரில் கையை விட்டு இறங்கினேன். கீழே வரும்வரை மெல்லிய முணுமுணுப்பு மட்டும். கையை விட்டால் எஞ்சின் இறங்க நேரமெடுக்கிற பழக்கமும் அதோடு போய்விட்டது. அதுவும் பசியின் குணம்தான் என்று பிறகு சொன்னார்.

மூலை வீட்டு அம்மம்மாவின் லைற் இப்போதும் சில இரவுகளில் அணைகிறது. ஒழுங்கைக்குள் என்னுடையது மட்டும் பைக் இல்லை. சைலன்சருக்குள் இருப்பதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, வெடிக்கவேண்டும் என்றே ரியூன் செய்த இரண்டு பெடியள் இருக்கிறார்கள். கொட்டிலிலும் ஒருவன் வந்து நின்றான், “பாஸ், நல்லா வெடிக்கிற மாதிரிச் செய்து தாங்க” என்று. பாஸ் அவனிடம் எங்கே இருக்கிறாய், வீட்டில் ஆர் ஆர் என்று கேட்டார். ஸ்குரூ டிரைவரைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, கடை பூட்டுற நேரம் என்றார். பின்னேரம் மூன்று மணி.

2025இல் இறக்குமதி திரும்பத் திறந்தது. இப்போது வருகிற பைக்குகளில் பெரும்பாலும் காபரேற்றர் இல்லை. கையை விட்டவுடன் கொம்பியூட்டர் பெற்றோலையே நிறுத்திவிடும், உயரத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். எனக்கு அதை வாங்க இன்னும் சில வருசம் இருக்கிறது. அதுவரைக்கும், நானோ இதை என்னிடம் வாங்குகிறவரோ மலைக்குக் கொண்டுபோனால் தடுமாறக்கூடாது என்று, சீற்றுக்குக் கீழே உள்ள தகட்டில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: “2 சுற்று. சீனன்குடாவுக்கு.”